ரெண்டாவது, மூணாவது பெடல்

எனக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. அடுத்தவனுக்கு எதையாவது சுலபமாக்கித் தர்றேன்னு கிளம்பிடுவேன். லேமினேஷன் கடை வெச்சிருக்கறவனுக்குக் கை சும்மா இருக்குமா?

அக்கா வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நான் வாசிக்கறதைப் பாத்து ஆசைப்பட்டு அவரும் ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்கினார். மேஜை மாதிரி நாலு காலு, மேல பத்துக் கம்பி, இடது கையில ஒரு இரும்புத் துண்டு, கீழ மூணு பெடல். பெடலை மிதிச்சா கம்பியோட சுருதி மாறும். எந்தக் கோட்டுல இரும்பை வெச்சு எந்தப் பெடலை மிதிச்சா என்ன கார்டு, அதாவது சுரக் கூட்டு, வரும்னு காட்டறதுதான் சார்ட். புத்தகத்துல எல்லாம் பெடலுக்கு ஏ, பி, சின்னு எழுத்துதான் போட்டிருக்கும். மாமாவுக்கு எதுக்கு அந்த இம்சைன்னு, என் கிட்டாரைப் பாத்து இடது பக்கத்துலேருந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி எழுதி, கலர் அடிச்சு, லேமினேட் பண்ணிக் குடுத்தேன். மேல 'டிரைவர் சார்ட்'னு தலைப்பு வேற.

அவர் கத்துக்கிட்ட பாட்டுல பெடல் மிதிக்க வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணு, அங்கதான் தகராறு. மூணாவது கோடு, ரெண்டாவது மூணாவது பெடல். பாட்டு அங்க சந்தோஷமா நிமிரணும். ஒவ்வொரு தடவையும் எழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது.

"மாப்ளே, இந்த இடம் மட்டும் அழுவுதே?"

"இருபத்தெட்டு வருஷம் க்ளட்ச் மிதிச்ச காலு, மூணு பெடல் தெரியலையா மாமா?"

அவர் குனிஞ்சு பாத்தார். "ரெண்டு, மூணு. நீ எழுதினபடிதான்."

"அப்ப காதுதான் கோளாறு. இரும்பு ஒரு நூல் தள்ளி நிக்குது, அது உங்களுக்குக் கேக்கலை. கோவிச்சுக்காதீங்க, உங்களுக்குக் காது இல்லை."

அக்கா பக்கத்துலதான் இருந்தா. மாமா காதை ஒரு தடவை தேச்சு விட்டுக்கிட்டார். நான் டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

இப்படியே மூணு வாரம். ஒரு ஞாயித்துக்கிழமை அவர் குளிச்சுக்கிட்டு இருந்தப்ப, சும்மா அவர் கிட்டார்ல உக்காந்து ரெண்டையும் மூணையும் மிதிச்சேன். எனக்கும் அழுதது. குனிஞ்சு அடியில பாத்தேன். இந்தக் கிட்டார்ல ரெண்டு தினுசு உண்டு. ஒண்ணுல இடது பக்கத்துலேருந்து பெடல் ஏ, பி, சி. இன்னொண்ணுல சி, பி, ஏ. என்னுது சி, பி, ஏ; அவருது ஏ, பி, சி. அந்த இடத்துக்கு வேண்டியது ஏயும் பியும், அதனால அவர் மிதிக்க வேண்டியது ஒண்ணும் ரெண்டும். பன்னெண்டு வருஷமா வாசிக்கற எனக்கு இது தெரியாதா? தெரியும். குனிஞ்சு பாக்கலை, அவ்வளவுதான்.

அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலை. கடைக்குப் போய் அதே கலர்ல, அதே தலைப்புல புதுசா ஒண்ணு அடிச்சேன். சாயங்காலம் வந்து பழசைப் பையில போட்டுக்கிட்டு, "உங்க கால் நீளத்துக்குத் தகுந்த மாதிரி மாத்தி எழுதியிருக்கேன் மாமா"ன்னு சொன்னேன். வெட்கங்கெட்டவன், முகத்தைப் பாத்தே சொன்னேன்.

வாசிச்சார். அந்த இடம் ஜம்முனு நிமிர்ந்தது. அடுப்படியிலேருந்து அக்கா சிரிச்சுக்கிட்டே எட்டிப் பாத்தா. மாமா மட்டும் சிரிக்கலை.

"நல்லாருக்கா மாப்ளே? எனக்கு நல்லாத்தான் கேக்குது. ஆனா எனக்குக் கேக்கறதை நம்ப முடியாதே."

"ஏன் மாமா?"

"போன வாரமே டெப்போல எழுதிக் குடுத்துட்டேன், காது சரியில்லை, வண்டி எடுக்க மாட்டேன்னு. பக்கத்துல வர்றவன் ஹாரன் அடிச்சு எனக்குக் கேக்கலைன்னா? அம்பது உசுரு உக்காந்திருக்கு. இப்ப ஷெட்ல பஸ் கழுவறதைப் பாத்துக்கறேன்."

பையிலேருந்து பழைய சார்ட்டை எடுத்துக் கம்பி மேலயே வெச்சேன்.

"மாமா, உங்க காது நல்லாருக்கு. சார்ட்தான் தப்பு. எழுதினது நான். தெரிஞ்சதுக்கப்புறம் மறைச்சதும் நான்தான்."

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தார். ஒரு அறை விட்டிருந்தா வாங்கிக்கிட்டு நிம்மதியாப் போயிருப்பேன்.

"அழுவுதுன்னு சொன்னேனே. நிஜமாவே அழுதுச்சா?"

"அழுதுச்சு மாமா."

"இந்தாடி, எனக்குக் காது கேக்குதாம்"னார் அக்காகிட்ட. அக்கா என்னைப் பாத்த பார்வையை எனக்கு மறக்கத் தெரியலை.

மறுநாள் மாமாவோட போய் டெப்போ மேனேஜர் மேஜையில ரெண்டு சார்ட்டையும் வெச்சு, "தப்பு என்னுது சார்"னு சொன்னேன். அவர் 'டிரைவர் சார்ட்'டைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "எழுத்துல குடுத்துட்டாரே. காது டெஸ்ட் அடுத்த மாசம். அது வரைக்கும் வண்டி கிடையாது."

வெளிய வந்தோம். கேட்ல இருந்த வாட்ச்மேன், "என்னண்ணே, காது எப்படி இருக்கு?"ன்னார்.

"ஒண்ணும் இல்லப்பா, நல்லாருக்கு"ன்னார் மாமா. "எம் மாப்ளையே சொல்லிட்டான்."