கோட்டுக்கு இந்தப் பக்கம்

அலபாமாவில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளைத் திருத்தி வரைந்தபோது, கறுப்பினத்தவர் வாழும் ஒடெசா புரூயிட்டின் தெரு நடுவாகப் பிளந்தது. எதிர்ச்சாரி பழைய தொகுதியிலேயே இருக்க, அவளுடைய சலூன் இருந்த சாரி நாற்பது மைலுக்கு அப்பாலுள்ள வெள்ளையர்களின் பருத்திக்காடுகளோடு சேர்ந்துவிட்டது. அதன்பின் இரண்டு வருஷத்துக்கு ஒன்றாக நடந்த இரண்டு தேர்தலிலும், அந்தத் தொகுதியின் உறுப்பினர் ராண்டல் கீத்தை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

இந்த இடைக்காலத் தேர்தலுக்கு ஒடெசா மனு கொடுத்தாள். அவளுடைய கட்சிக்காரர் கிளிஃப்டன் ஓடி வந்தார்.

"ஏம்மா, கணக்குப் பார்த்துத்தானே கோடு கிழிச்சிருக்கான். முப்பது சதவீதம் தாண்ட மாட்டே."

"தாண்டாட்டிப் போகுது. போட்டியில்லாம ஜெயிக்கிற சொகுசு அந்தாளுக்கு இனி கிடையாது."

கோடை முழுக்கப் பண்ணை வீடுகளின் கதவைத் தட்டினாள். சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மட்டும், "ஓட்டுக் கேட்டு என் வாசலுக்கு வந்த மொத ஆளு நீதாம்மா" என்று உட்காரச் சொன்னார்.

அக்டோபரில் கீத்தே அவள் தெருவுக்கு வந்து வீடு வீடாகக் கை குலுக்கினார்.

"வாங்க சார், வழி கண்டுபிடிக்க நாலு வருஷமாச்சா?" என்றாள் ஒடெசா. அவர் முகம் சிவந்தது.

அவள் தோற்றாள்; ஆனால் வாங்கிய ஓட்டு நாற்பத்தொரு சதவீதம். கிளிஃப்டன் ஆறுதல் சொல்லப் போன் செய்தார்.

"ஆறுதலை நீங்களே வச்சுக்குங்க. ரெண்டு வருஷத்துல மறுபடி நிக்கிறேன். எனக்கு இன்னும் நெறைய வீடு பாக்கியிருக்கு" என்றாள்.