நான்காவது எஞ்சின்

1943ஆம் ஆண்டு பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சங்கிலிக்குப்பத்தில், காத்தவராயனை ஒரு குண்டு விமானம் வலையோடு தூக்கிக்கொண்டு போனது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடித் தாழப் பறந்த விமானம் அது. அவன் கட்டுமரத்தில் நின்று வலையை வீசிய நேரமும் அது தலைக்கு மேல் வந்த நேரமும் ஒன்றாகிவிட்டன. வலை அதன் வயிற்றில் மாட்டியது. கயிற்றை விட்டிருக்கலாம். விடவில்லை. வலை புதிது, மனைவி ஆராயியின் அப்பன் கல்யாணத்துக்குக் கொடுத்தது. மரத்தில் கூட இருந்தவன் தனியாகக் கரைக்கு வந்து, "காத்தான் மேல போய்ட்டான்" என்றான். பெண்கள் மாரடிக்கத் தொடங்கினார்கள். அவன் ஆகாயத்தைக் காட்டி விளக்கி முடிப்பதற்குள் பாதி ஒப்பாரி முடிந்துவிட்டது. மறுநாள் நான்கு மணிக்கு விமானம் குப்பத்தைக் கடந்தது. ஆராயி வீட்டு வாசலில் உப்புத் தண்ணீர் சொட்டியது. இரண்டு கவளை மீன்கள் விழுந்தன. ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. வீட்டுக்கு மீன் போடுகிற ஆண்பிள்ளை செத்தவன் ஆகமாட்டான் என்று அப்போதைய நாட்டார் தீர்ப்புச் சொன்னார். ஆராயிக்கு அப்போது வயது பதினெட்டு. தாலி கழுத்தில் தங்கியது.

விமானம் இறங்கவில்லை. வலை மாட்டிய அன்றே அதன் வலது பக்க எஞ்சின் ஒன்று நின்றுபோயிருந்தது. செங்கல்பட்டு ரயில் நிலையம், கொளவாய் ஏரி, வேடந்தாங்கல், திரும்பக் கடல் என்று ஒரு பெரிய வட்டம். கடலில் தாழ்ந்து திரும்பும்போது வலை தண்ணீரில் தோயும். அதில் அகப்பட்டது வாசலில் விழும். பெரும்பாலும் கவளை, மழைக்காலத்தில் நண்டு, 1951இல் ஒரு வஞ்சிரம். வேடந்தாங்கல் கொக்குகள் நான்கு மணிக்குச் சற்று முன்னால் ஒதுங்கி வழிவிடக் கற்றுக்கொண்டன. செங்கல்பட்டுப் பார்சல் குமாஸ்தா கடிகாரத்தை அதை வைத்துத் திருத்தினார். யுத்தம் முடிந்ததை விமானத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஆராயி கலெக்டருக்கு இரண்டு மனுக்கள் போட்டாள். ஆகாயம் தங்கள் இலாகாவில் வராது என்று பதில் வந்தது. வெயிலில் துணி வெளுப்பதுபோல விமானம் வருஷத்துக்கு வருஷம் வெளுத்து, 1955 வாக்கில் கண்ணுக்குத் தெரியாமல் போனது. காத்தவராயனும் அதோடு வெளுத்தான். சத்தமும் சொட்டும் மீனும் மட்டும் தவறவில்லை. ஆராயி மீன் கூடை சுமந்து பிழைத்தாள். நான்கு மணிக்கு எங்கிருந்தாலும் வாசலுக்கு வந்துவிடுவாள். கூரை மாற்றியது, மாமியார் செத்தது, நாத்தனார் கன்னியம்மா புருஷனோடு சண்டை போட்டுத் திரும்பி வந்தது எல்லாவற்றையும் அண்ணாந்து பார்த்துச் சொல்வாள்.

1974 சித்திரையில் விமானத்தின் வலது பக்கத்து மற்றொரு எஞ்சினும் நின்றது. வட்டம் சுருங்கியது. முதலில் வேடந்தாங்கல் விட்டுப்போனது, அடுத்து செங்கல்பட்டு, ஆடியில் கடல். கடல் விட்டுப்போனதும் மீன் நின்றது. ஐப்பசியில் அது ஆராயியின் கூரையை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்றிருந்தது நிமிஷத்துக்கு ஒன்றாகி, ஓயாமல் இருமிக்கொண்டே, வாரத்துக்கு ஒரு சாண் கீழே இறங்கியது. கூரை ஓலையின் நுனிகள் அறுந்து பறந்தன. நாட்டார் தனகோடி நாலு பேரோடு வந்து வாசலில் நின்றார். சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மீன் வுழுந்து நாலு மாசம் ஆவுது ஆராயி. ஊரு பேசுது."

"சத்தம் கீதே நாட்டாரே."

"சத்தம் இன்னா கொழம்புக்கு ஆவுமா? தீர்ப்பு மீனுக்குத்தான். மாசி மகம் வரிக்கும் பாப்போம். அன்னிக்கும் மீன் இல்லன்னா, கடல்ல எறங்கி தாலிய அவுத்துடணும்."

அவர்கள் போனதும் கன்னியம்மா பிடித்துக்கொண்டாள். "ஒங்கப்பன் குட்த்த வலதான எங்கண்ணன இட்டுகினு போச்சு. பொண்ண குட்த்தவன் கிழிஞ்ச வலையா குட்த்திருக்கக் கூடாது?" ஆராயி முப்பத்தொரு வருஷமாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது.

கார்த்திகையில் ஒரு நாள் கல்பாக்கம் குடியிருப்பில் அருணகிரி வீட்டுக்கு மீன் கொண்டுபோனாள். அருணகிரி அணுமின் நிலையத்தில் வரைபடம் போடுகிறவர். பயிற்சிக்குக் கனடா போனபோது ஆசைப்பட்டு வாங்கிவந்த ஒரு பெட்டி இரண்டு வருஷமாக அவருடைய பீரோவின் மேல் கிடந்தது. ஆராயி மீன் கழுவுவதை நிறுத்திவிட்டு அந்தப் பெட்டியைப் பார்த்தாள். மேலே அச்சிட்டிருந்த விமானப் படத்தில் நான்கு எஞ்சின், இரட்டை வால், வயிற்றில் கதவு.

"சார், இந்த வண்டில எங்க வூட்டுக்காரு கீறாரு."

அருணகிரி ஆச்சரியப்படவில்லை. குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "இது பொம்மைம்மா. உள்ளே இருநூறு பீஸுக்கு மேல இருக்கு. நம்பர் பார்த்து ஒண்ணொண்ணா சேர்க்கணும். எனக்கே பொறுமை இல்லாம போட்டுட்டேன்."

"வலைல எத்தினி கண்ணு கீது சார்? ஒண்ணொண்ணாத்தான் போடறோம்."

பெட்டியை அவர் கொடுத்துவிட்டார். அன்று அவர் வீட்டில் வவ்வால் மீன் குழம்பு.

ஆராயிக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். படத்தைப் பார்த்து, சட்டத்தில் கொத்தாகத் தொங்கிய பாகங்களை மீன் அரியும் கத்தியால் வெட்டி எடுத்தாள். பெட்டியில் இருந்த பசைக் குழாய் கல்லாகிவிட்டிருந்தது. அதனால் வலை பின்னும் நைலான் நூலால் உடம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டினாள். இரண்டு இறக்கைகளையும் கட்டினாள். முடிச்சு ஒவ்வொன்றையும் இறுக்கும்போது தலைக்கு மேல் சத்தம் சற்றுச் சீரானது. அது அவளுக்குக் கேட்டது. பொழுது சாயும் முன் எல்லாக் கட்டையும் அவிழ்த்து, பாகங்களை முறத்தில் பரப்பிக் காயவைத்தாள். கரைக்கு வந்த கட்டுமரத்தை அவிழ்த்துக் காயப்போடாமல் விடும் பழக்கம் அவள் பிறந்த ஊரிலும் இல்லை, புகுந்த ஊரிலும் இல்லை. மறுநாள் விடிந்ததிலிருந்து விமானம் துண்டுதுண்டாக வந்தது. எஞ்சின் சத்தம் தெற்கே கேட்டது. இறக்கையின் காற்று கூரையின் ஒரு மூலையை மட்டும் இழுத்தது. வெகுநேரம் கழித்து, எதிலும் சேராமல், ஒரு மனிதன் முக்கும் சத்தம் மட்டும் தனியாகக் கடந்துபோனது. ஆராயிக்கு அந்தக் குரல் தெரியும். முறத்தை அள்ளிக்கொண்டு கல்பாக்கத்துக்கு ஓடினாள்.

"அவுத்துட்டேன் சார். புத்தி கெட்டுப்போயி அவுத்துட்டேன்."

அருணகிரி பெயின்ட் கலக்கும் தின்னர் ஒரு புட்டி கொண்டுவந்தார். மிச்சமிருந்த சட்டக் குச்சியை நொறுக்கி அதில் போட்டார். குச்சி கரைந்து கூழானது. "இதைத் தடவி ஒட்டு. ஒட்டினா ஒட்டினதுதான். பிரிக்க முடியாது," என்றார்.

கெளுத்தி முள்ளால் கூழைத் தொட்டுத் தொட்டு ஆராயி மார்கழி முழுக்க ஒட்டினாள். கன்னியம்மா சோறாக்கிப் போட்டாள், திட்டிக்கொண்டே. வாலை ஒட்டிய அன்று விமானம் தலையாட்டுவதை நிறுத்தியது. பெட்டியிலிருந்த பொம்மை ஆட்களை அவரவர் இடத்தில் உட்காரவைத்த அன்று மேலே யாரோ விசிலடித்தார்கள், இன்னொருவன் ஆங்கிலத்தில் அதட்டினான். சக்கரக் கால்களை மட்டும் ஒட்டாமல் நூலால் மடித்துக் கட்டினாள். கரை சேர்ந்த இடத்தில் அவர்களே அவிழ்த்துக்கொள்ளட்டும். பிறகு எண் வரிசைப்படி இடது பக்கத்து எஞ்சின்கள் இரண்டையும் ஒட்டினாள். அன்று வட்டம் இன்னும் இறுகியது. விமானம் கூரைக்கு மேல் பம்பரமாகச் சுற்றியது. ஓலை பிய்ந்து நடுவில் துளை விழுந்தது. ஆராயி அதன் கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் புரிந்தது. ஒரு பக்கமே துடுப்புப் போட்டால் மரம் நின்ற இடத்தில் சுற்றும். மறுபக்கமும் போட்டால்தான் வட்டம் விரியும். அப்படியானால், இரண்டு பக்கமும் சமமாகப் போட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மூன்றாவது எஞ்சினைத் தை கடைசியில் ஒட்டினாள். வட்டம் விரிந்தது. குப்பத்தைத் தாண்டியது, சவுக்குத் தோப்பைத் தாண்டியது, கடலைத் தொட்டது. மறுநாள் நான்கு மணிக்கு வாசலில் மூன்று கவளைகள் விழுந்தன. நாட்டார் தனகோடி வந்து மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, செவுளைத் தூக்கி, "பிரெஷ்ஷாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று விமானம் கண்ணுக்கும் தெரிந்தது, ஈரத் தாளில் படம் ஊறி வருவதுபோல. அதன் வயிற்றிலிருந்து வலை தொங்கியது. வலையின் கயிற்றில் காத்தவராயன் தொங்கினான். தலை வெளுத்திருந்தது. ஆராயி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தாள். கயிறு எது, விரல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் அருணகிரியிடம் போய் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். "இது எறங்கணும்னா இன்னா சார் செய்யணும்?"

"நேரா பறக்கணும். சுத்திக்கிட்டே இருக்கறது எப்பவும் இறங்காது."

"நேரா போனா எங்க போவும்?"

அவர் கிழக்கே பார்த்தார். கடல்தான் தெரிந்தது. அதற்கப்பால் அந்தமான், அதற்கப்பால் பர்மா. வரைபடம் போடுகிறவர், தெரியாததை வரைய மாட்டார்.

மாசி மகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஆராயி கடைசி எஞ்சினைக் கையில் எடுத்தாள். கன்னியம்மா குறுக்கே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த நாலாவத வைக்காத அண்ணி. மீன் வுழுது. தாலி நிக்கிது. எங்கண்ணன் கண்ணு முன்னால சுத்திகினு கீது. இதுக்கு மேல இன்னா வோணும் ஒனக்கு?"

"அவருக்குக் கை நோவுதுடி."

கன்னியம்மா எழுந்து போய் வாசலில் நின்றாள். ஆராயி முள்ளால் கூழைத் தடவி, எஞ்சினை வலது இறக்கையில் வைத்து, நூறு எண்ணும்வரை அழுத்திப் பிடித்தாள். நூறு முடிந்ததும் இன்னொரு நூறு எண்ணினாள். பிறகு வெளியே வந்தாள். நான்கு மணி. விமானம் மேற்கிலிருந்து வந்தது. எப்போதும் கடலில் சாய்ந்து வளையும் இடத்தில் அது வளையவில்லை. காத்தவராயன் கை அசைக்கவில்லை. இரண்டு கையும் கயிற்றில் இருந்தன. கழுத்தை மட்டும் திருப்பி, கரை தெரிந்தவரைக்கும் பார்த்துக்கொண்டே போனான். வலை கடைசியாக ஒருமுறை அலையைத் தொட்டது. மறுநாள் நான்கு மணிக்கு, முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, சங்கிலிக்குப்பத்தில் அலையின் சத்தம் மட்டும் கேட்டது. குழந்தைகள் பயந்து அழுதன. அவை அந்த அமைதியை முன்பு கேட்டதில்லை.

மாசி மகத்தன்று நாட்டார் வந்தார். ஆராயி தானாகவே தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவையில், கடலுக்குப் போகத் தயாராக நின்றாள். ஊர் திரண்டிருந்தது. கன்னியம்மாதான் நாட்டாரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். உள்ளே மரப்பெட்டியின் மேல் பிளாஸ்டிக் விமானம் இருந்தது. நான்கு விசிறிகளும் சுற்றிக்கொண்டிருந்தன. காற்று இல்லை, கதவும் சாத்தியிருந்தது. அவற்றின் முன்னால் தனகோடி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஓடுது," என்றார்.

"ஓடுதில்ல? எங்கண்ணன் ஒண்ணும் செத்துப்போவல. வெளியூர் போயிருக்குது. ரங்கூன் போனவன் பொண்டாட்டி எவளாவது தாலி அவுத்தாளா இந்த ஊர்ல?"

நாட்டார் யோசித்தார். அப்படி யாரும் அவிழ்த்ததில்லை. ஊர் ஆராயியை விட்டுவிட்டு மகத்துக்குக் குளிக்கப் போனது. அவள் வாசலில் உட்கார்ந்து நான்கு மணிவரை காத்திருந்தாள். நான்கு மணி வந்து போனது. வாசல் காய்ந்தே கிடந்தது. அந்த வருஷம் முழுக்க அவளால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. சொல்வதற்கு நிறைய இருந்தும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்து விசிறிகளைப் பார்ப்பாள். சுற்றும்.

1977 ஆவணி, ஒரு வியாழக்கிழமை காலை, நான்கு விசிறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கன்னியம்மா பார்த்துவிட்டு, "எறங்கிடுச்சு" என்றாள். ஆராயி அவள் முகத்தையே பார்த்தாள். விழுந்தாலும் விசிறி நிற்கும். இருவருக்கும் அது தெரியும். ஆராயி அன்று உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி போட்டாள். அடுத்த மாதம் குப்பத்துக்குப் புது ரேஷன் கார்டு எழுத வந்தார்கள். குமாஸ்தா மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்.

"வூட்டுக்காரர் பேரு?"

"காத்தவராயன்."

"இருக்காரா, இல்லையா?"

"வந்துகினு கீறாரு."

எவ்வளவு நாளாக என்று அவன் கேட்கவில்லை. பெரியவர்கள் என்ற கட்டத்தில் கன்னியம்மாவையும் சேர்த்து மூன்று என்று எழுதி, சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அதையே குறித்து, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.