ஐம்பதாவது ஆள்

மினியத் ஷாஹீன் ஊரில் நைல் நதி உண்டு, நதிக்கரை கிடையாது. கரை முழுவதையும் கிளப்புகள் சாப்பிட்டுவிட்டன. நீதிபதிகளுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு ஒன்று, டாக்டர்களுக்கு ஒன்று, மருந்தாளர்களுக்கு ஒன்று, வங்கிக்காரர்களுக்கு ஒன்று. பழைய பாலத்திலிருந்து அரசு ஆஸ்பத்திரி வரை இரண்டு கிலோமீட்டரில் இப்படி ஒன்பது கிளப்புகள், ஒன்பது மதில்கள். உறுப்பினர் அட்டை இல்லாதவன் தன் ஊர் ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் பாலத்தின் மேல்தான் ஏற வேண்டும். ஏறினார்கள். பொழுது சாய்ந்தால் போதும், ஒன்றரை மீட்டர் அகல நடைமேடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, முன்னால் ஆறு ஓட, முதுகை உரசிக்கொண்டு லாரி ஓட, குடும்பம் குடும்பமாகப் பூசணி விதை கொறிப்பார்கள். அதற்குப் பெயர் காற்று வாங்குவது.

நகராட்சித் திட்டப் பிரிவில் இன்ஜினியராக இருந்த இன்ஷிராஹ் அந்த நாற்காலிகளில் வளர்ந்தவள். அக்கரைப் பேட்டையில் பிறந்து, படித்து, இன்ஜினியராகி, ஃபிக்ரி என்ற இன்னொரு இன்ஜினியரைக் கட்டிக்கொண்டு, இருவருமாக இன்ஜினியர் கிளப்பில் உறுப்பினர்களும் ஆகிவிட்டார்கள். ஆக, அவளுக்கு இப்போது கரை உண்டு. இருந்தும் பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு வயிறு எரிந்தது. போன குளிர்காலத்தில் ஒரு மைக்ரோபஸ் நடைமேடையில் ஏறி, ஊறவைத்த துர்முஸ் பருப்பு விற்கும் உம்மு ரக்தாவின் வலது காலை நசுக்கிவிட்டுப் போயிற்று. மூன்று மாதம் கழித்து உம்மு ரக்தா ஊன்றுகோலோடு வந்து அதே இடத்தில் கடை போட்டாள். வேறு எங்கே போவாள்?

இன்ஷிராஹின் திட்டம் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். ஒவ்வொரு கிளப்பும் தண்ணீரோரமாக நாலு மீட்டர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்பது நாலு மீட்டர்களையும் சேர்த்தால் பாலத்தடியிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒரே நடைபாதை. டிக்கெட் இல்லை, வாசல் இல்லை, அட்டை இல்லை. கெய்ரோவில் அமைச்சகம் பணம் ஒதுக்கவும் சம்மதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: பாதை முனை முதல் முனை வரை இணைந்திருக்க வேண்டும். மற்ற ஊர்களில் இங்கே நூறு மீட்டர், அங்கே நூறு மீட்டர் என்று துண்டு துண்டாகக் கட்டி, ரிப்பன் வெட்டி, பிறகு ஆடு மேய விட்டிருந்தார்களாம். ஆகவே ஒன்பது சம்மதமும் ஜூன் முடிவதற்குள் வர வேண்டும். வராவிட்டால் பணம் கஜானாவுக்கே திரும்பிவிடும்.

இரண்டு வருடம் அவள் படியேறினாள். யாராவது ஒருவன் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லியிருந்தால் அவனோடு சண்டையாவது போட்டிருக்கலாம். அந்தப் பாக்கியம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

"நடைபாதையா? அருமையான யோசனை, இன்ஜினியரம்மா!" என்றார் நீதிபதிகள் கிளப்பின் செயலாளர். "நாலு மீட்டர் என்ன, அஞ்சு மீட்டர் எடுத்துக்குங்க. ஆனா முதல்ல வாத்தியாருங்க குடுக்கட்டும். நாங்க முதல்ல குடுத்தா எங்களுக்கு என்னமோ குறைச்சல்னு ஊரு நினைக்கும்."

ஆசிரியர் கிளப்பில் தலைவர் காபி வரவழைத்தார். "டாக்டருங்க குடுத்த மறுநிமிஷம் நாங்க குடுத்துடுவோம். நீங்க நம்ம வீட்டுப் பொண்ணு."

டாக்டர்கள் மருந்தாளர்களைக் காட்டினார்கள். மருந்தாளர்கள் வங்கிக்காரர்களைக் காட்டினார்கள். வங்கிக்காரர்கள் இன்னும் மூவரைச் சுற்றிக் கடைசியில் நீதிபதிகளிடமே கொண்டுவந்து விட்டார்கள். செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அவள் செருப்புதான் தேய்ந்தது.

ஒருநாள் ஆத்திரத்தில் காம்பஸை எடுத்து, வெள்ளைத் தாளில் ஒரு பெரிய வட்டம் போட்டாள். ஒன்பது கிளப்புகளின் பெயரையும் சக்கரத்தின் ஆரம் மாதிரி வட்டத்தைச் சுற்றி எழுதினாள். இதில் யார் முதல், யார் கடைசி? எவன் கண்டுபிடிக்கிறான் பார்ப்போம் என்று கிளம்பினாள்.

நீதிபதிகளின் செயலாளர் தாளை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல யாரு பேரு மேல வரும்?"

"நீங்க கையில வச்சுப் பிடிக்கிறப்போ உங்க பேருதான் சார் மேல வரும்."

அவர் சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டு, முத்திரையும் குத்தினார். அடுத்த நாற்பது நாளில் எட்டு முத்திரைகள் வந்துவிட்டன. கல்லில் நார் உரிப்பது என்பார்களே, இன்ஷிராஹ் அதைத் திரித்துக் கயிறாகவே ஆக்கிவிட்டாள்.

மிச்சம் இருந்தது இன்ஜினியர் கிளப் ஒன்றுதான். சொந்த வீடு என்று அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். அது பாலத்தை ஒட்டிய முதல் கிளப். அது வழிவிடாவிட்டால் மற்ற எட்டு கொடுத்தும் பிரயோசனமில்லை, பாலத்திலிருந்து பாதைக்கு இறங்கவே முடியாது.

கிளப் தலைவர் ஸர்வத் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். தாளைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டினார்.

"உனக்கில்லாததா, இன்ஷிராஹ்! நம்ம இன்ஜினியர் ஜாதிக்கே நீ பெருமை. நானே கையெழுத்துப் போட்டுடுவேன், ஆனா பாரு, நிலம் சம்பந்தப்பட்ட விஷயம். பொதுக்குழு கூடணும். ஐம்பது பேர் இருந்தாத்தான் கூட்டம் செல்லும்."

"நம்ம பொதுக்குழுவுக்கு ஐம்பது பேர் என்னிக்கு ஸர்வத் வந்திருக்காங்க?"

"அதான் கவலையா இருக்கு," என்று சொல்லி ஸர்வத் கவலைப்பட்டுக் காட்டினார்.

கூட்டம் ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பிறகு என்று முடிவாயிற்று. இன்ஷிராஹ் உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஓய்வுபெற்று மகள் வீட்டில் கிடந்தவர்கள், மூட்டுவலிக்காரர்கள், பத்து வருடமாகக் கிளப் பக்கமே வராதவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. இரண்டு மைக்ரோபஸ் வாடகைக்குப் பேசினாள். கடைசியில் நாற்பத்தெட்டு பேர் தேறினார்கள். அவள் நாற்பத்தொன்பது.

"ஐம்பது நான்," என்றான் ஃபிக்ரி, காலையில் ரொட்டியை ஃபூல் மொச்சை மசியலில் தோய்த்துக்கொண்டே. "கவலைப்படாதே."

ஃபிக்ரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெட்டவன் இல்லை. இந்த நடைபாதைக்கான கைப்பிடிச் சுவரின் கணக்கை எல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவன்தான் போட்டுக் கொடுத்தான். வரைபடத்தில் நாலு மீட்டர்க் கோட்டை இழுத்ததும் அவன்தான். அந்தக் கோடு இன்ஜினியர் கிளப்பின் தண்ணீரோர மேசையை நடுவில் பிளந்துகொண்டு போனது. பதினெட்டு வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் ஃபிக்ரி தாவ்லாப் பலகையை விரித்துப் பகடை உருட்டும் மேசை அது. அவன் இரண்டு தட்டுத் தட்டினால் சர்வர் ஹம்தி டீயோடு ஓடி வருவான். கோடு இழுத்த பிறகு ஃபிக்ரி கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஐம்பது பேரும் வந்துவிட்டார்கள். இன்ஷிராஹ் நுழைவாசலில் நின்று எண்ணினாள், உள்ளே போய் மறுபடி எண்ணினாள். ஸர்வத் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சுதாரித்துக்கொண்டு, முதலில் நீச்சல் குளத்து ஓடு, அடுத்தது கழிப்பறைக் கதவு, பிறகு கோடைச் சுற்றுலா என்று ஒவ்வொன்றாக இழுத்தார். மின்விசிறி அனலை அள்ளி வீசியது. பெரியவர்கள் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். இன்ஷிராஹ் இடத்தை விட்டு அசையவில்லை. யாராவது எழுந்தால் கண்ணாலேயே உட்கார வைத்தாள்.

"சரி, கடைசியா நடைபாதை விஷயம்," என்றார் ஸர்வத். "வாக்கெடுப்புக்கு முன்னால சட்டப்படி தலை எண்ணணும். பொருளாளர், எண்ணுங்க."

பொருளாளர் விரலை நீட்டி எண்ணினார். "நாற்பத்தொன்பது."

"இருக்காது!" இன்ஷிராஹ் எழுந்துவிட்டாள். "ஐம்பது பேர். திரும்ப எண்ணுங்க."

திரும்ப எண்ணினார். நாற்பத்தொன்பது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அடுத்த நாற்காலியில் ஃபிக்ரியின் மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் இருந்தது. மற்றவர்களை எல்லாம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தவள் பக்கத்து நாற்காலியைப் பார்க்கவே இல்லை.

"ஒரு நிமிஷம் பொறுங்க, ஃபிக்ரி இங்கதான் எங்கயோ..."

"அட, எனக்கு மட்டும் மனசு கேக்குதா என்ன?" ஸர்வத் இரண்டு கையையும் விரித்தார். "ஆனா சட்டம் சட்டம்தான், சகோதரி. அடுத்த கூட்டம் ஜூலை பதினஞ்சுக்கு மேல. அதுக்கு எத்தனை பேர் வந்தாலும் செல்லும். எல்லாரும் போய் சாப்பிடுங்க."

நாற்காலிகள் இழுபடும் சத்தம் அடங்குவதற்குள் ஃபிக்ரி வந்தான். இரண்டு கையிலும் இரண்டு டீ கிளாஸ், அவளுடையதில் புதினா போட்டிருந்தது.

"முடிஞ்சிடுச்சா?"

"எங்க போனே?"

"டீ சொல்லப் போனேன்."

அவன் பின்னால் சர்வர் ஹம்தி காலித் தட்டோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் கொண்டுவர வேண்டிய டீயை ஃபிக்ரியே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். இன்ஷிராஹ் ஹம்தியைப் பார்த்தாள், ஃபிக்ரியைப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளிக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஸர்வத்தைப் பார்த்தாள். ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தார்கள். கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"ஸர்வத் சொன்னானா, நீயே யோசிச்சியா?"

"கத்தாதே, இன்ஷிராஹ்."

"நான் கத்தவே இல்ல. கேக்கிறேன்."

ஃபிக்ரி செருப்பைக் கழற்றி அதன் இடத்தில் ஒழுங்காக வைத்தான். "நானா எதுத்தேன்? எதுத்துக் கை தூக்கினேனா? அவனவனுக்கு கார் இருக்கு, கடலோரத்துல வீடு இருக்கு. எனக்கு என்ன இருக்கு? ஒரு மேசை. அதுல போய் ஊரே நடக்கணுமா?"

"கோடு போட்டது நீதானே?"

"காகிதத்துலதானே போட்டேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை, அடிக்கத்தான் கை துறுதுறுத்தது. எட்டு கிளப்பிலும் எதிராளிகளிடம் தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தன் வீட்டு மேசையில், தன் பென்சிலால் கோடு போட்ட கைதான் கழுத்தறுத்திருக்கிறது. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அவள் ஒரு தட்டுதான் வைத்தாள், தனக்கு.

மாதக் கடைசி நாள் அமைச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். மூன்று வாரம் அவகாசம் கேட்டாள். மறுமுனையில் இருந்த அதிகாரி மிகவும் அன்பானவர்.

"ஒன்பதுல எட்டு வாங்கியிருக்கீங்களேம்மா! இந்த நாட்டுல யாராலயும் முடியாத காரியம்."

"அப்ப எட்டுக்குப் பணம் வருமா?"

"வராதும்மா. ஆனா நான் மனசாரப் பாராட்டுறேன்."

நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். வட்டம் போட்ட தாளை எடுத்துப் பார்த்தாள். எட்டு முத்திரைகள், அவற்றுக்கு இடையே ஒரு சின்ன வெள்ளை இடம். எப்படித் திருப்பினாலும் இப்போது அந்த வெள்ளைதான் முதலில் கண்ணில் பட்டது. மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வழக்கமாக அந்நேரம் கிளப்புக்குப் போவாள். அன்று கிளப் வாசலைத் தாண்டிப் பாலத்தில் ஏறினாள். நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் ஒரு சிவப்பு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். உம்மு ரக்தா ஊன்றுகோலை நகர்த்தி இடம் விட்டாள்.

"வா, இன்ஷிராஹ். என்ன, இந்தப் பக்கம் காத்து வீசுது! பாதை எப்ப திறக்கிறாங்க?"

"திறக்கல."

"யாரு தடுத்தா?"

இன்ஷிராஹுக்கு எட்டு கிளப்புக்காரர்களின் பெயரும், ஸர்வத்தின் பெயரும், அமைச்சகத்து அன்பானவரின் பெயரும் நாக்கில் வந்தன. "என் வீட்டுக்காரன்," என்றாள்.

உம்மு ரக்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். இவள் துர்முஸை ஒரு காகிதத்தில் அள்ளி, உப்பும் எலுமிச்சையும் தூவி நீட்டினாள்.

"தின்னு. நீயாவது இனி முதுகை சாலைப் பக்கம் வச்சு உக்காராத. வண்டியப் பாத்துக்கிட்டே உக்காரு. நான் அப்படித்தான் உக்காருறேன்."

அப்படி உட்கார்ந்தால் ஆறு தெரியாது என்று இன்ஷிராஹ் சொல்ல வாயெடுத்தாள். ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு ஒரு துர்முஸை வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு லாரி போனது. நடைமேடை அதிர்ந்தது, துர்முஸ் காகிதம் கையில் நடுங்கியது.

கைப்பிடியின் வழியாக எட்டிப் பார்த்தால் நேர் கீழே இன்ஜினியர் கிளப். விளக்குப் போட்டிருந்தார்கள். தண்ணீரோர மேசையில் ஃபிக்ரி பலகையை விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே ஸர்வத். பக்கத்தில் அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. ஃபிக்ரி இரண்டு தட்டுத் தட்டினான், சத்தம் இவ்வளவு தூரம் வரவில்லை. ஹம்தி ஓடினான். பிறகு ஃபிக்ரி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பையிலிருந்து கைபேசியை எடுத்தான்.

அவள் மடியில் மணி அடித்தது.

"எங்க இருக்கே? மணி ஏழாச்சு. எங்க போனே?"

நாற்காலிக்காரன் வாளியில் கழுவிய கிளாஸ்களோடு அவள் முன்னால் வந்து நின்றான். இன்ஷிராஹ் அவனைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள்.

"டீ சொல்ல வந்தேன்," என்றாள் கணவனிடம். "நீங்க ரெண்டு பேரும் தலை எண்ணிக்கிட்டிருங்க."