ஓடை வற்றிய காலை

நார்சிசா மலைநாட்டுப் பள்ளிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் பிள்ளைகள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: பூகம்ப டீச்சர்.

அவள் கடலோரத்துக்காரி. ஊர் மனாபி மாகாணம். அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தபோது அவள் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்ததால் பிழைத்தாள். வீட்டின் மாடி இறங்கிக் கீழ்த்தளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு காலுக்கடியில் எது அதிர்ந்தாலும் அவள் வெளியே ஓடிவிடுவாள். பள்ளியிலும் வகுப்பு மொத்தத்தையும் மைதானத்துக்கு ஓடவிட்டாள், ஒருமுறை கேஸ் லாரி போனதற்கு, இன்னொருமுறை வெறும் இடிக்கு. இரண்டாவது முறை தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, "பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுங்க, பயத்தச் சொல்லிக் குடுக்காதீங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நா மேல சொல்லவேண்டியிருக்கும்" என்றார்.

அந்த வாரம் பாறைகளைப் பற்றிய பாடம். துங்குராவா எரிமலையின் அடிவாரத்தில் இருந்துகொண்டு பாறையைப் படத்தில் காட்டுவது அபத்தம் என்று அவளுக்கே பட்டது. ஏழாம் வகுப்பை ஓடைக்குக் கூட்டிப் போனாள். துணைக்கு வந்த பெற்றோர் செகுந்தோ புனினா ஒருவர்தான். பால் வண்டிக்காரர்; ஊரில் மரியாதையாக 'தோன் செகுந்தோ' என்பார்கள். அவர் மகள் யாதிரா அந்த வகுப்பில் படித்தாள்.

ஓடைக்கரையில் நல்ல வெயில். மலைதான் தெரியவில்லை; இடுப்புக்கு மேல் கருமேகம் சுற்றிக்கொண்டிருந்தது. மலை புகைவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அது துப்பிய சாம்பல் சரிவுகளில் இன்னும் ஆளுயரத்துக்குக் கிடந்தது.

பிள்ளைகள் கல் பொறுக்கினார்கள். கறுத்துக் கனத்த கல், உருண்டைக் கல், ஓட்டை ஓட்டையாய் இருந்த நுரைக்கல். "மல நெருப்புக் குழம்பு கக்கும்போது உள்ள இருந்த காத்து அப்படியே மாட்டிக்கிச்சு. அதான் இது தண்ணில மெதக்குது" என்று நார்சிசா சொன்னாள். லெனின் என்ற பையன் உடனே நுரைக்கல் படகுப் போட்டி ஆரம்பித்தான். யாதிராவும் அவள் தோழி மாரிபெலும் நல்ல கல் தேடி மறுகரைக்குத் தாவிப் போயிருந்தார்கள்.

"டீச்சர், என் படகு தரதட்டிருச்சு!" என்று லெனின் கத்தினான்.

எல்லாப் படகுகளும் தரைதட்டி நின்றன. முழங்காலளவு ஓடிய தண்ணீர் கணுக்காலளவுக்கு இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கற்களின் ஈரவிளிம்பு கீழே போனது. பிள்ளைகள் ஹோவென்று கூவிக்கொண்டு நடு ஓடையில் இறங்கினார்கள்.

நார்சிசா மலையைப் பார்த்தாள். மேலே மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. அப்படியானால் தண்ணீர் ஏறத்தானே வேண்டும்? இறங்குகிறதென்றால் பெய்கிற தண்ணீர் எங்கே போகிறது? சாம்பல் சரிந்து ஓடையை எங்கோ அடைத்திருக்க வேண்டும். அணை மாதிரி. அது எவ்வளவு நேரம் தாங்கும்? போன வாரம் அவளே கரும்பலகையில் வரைந்த படம்தான் இது. ஆனால் லாரியையும் இடியையும்கூட அவள் இதே நிச்சயத்தோடு நம்பியிருந்தாள்.

"தோன் செகுந்தோ, தண்ணி ஏன் கொறையுது?"

"மேல எவனாச்சும் வாய்க்காலுக்குத் திருப்பியிருப்பான். இதுக்கெல்லாம் முகம் வெளுத்தா எப்பிடி டீச்சர்? கடலோரக் குரங்குக்கு மலையில நெழலும் பூச்சாண்டின்னு சும்மாவா சொல்றாங்க?"

கடலோரத்தாரைக் குரங்கு என்று மலைநாட்டார் கேலி செய்வதைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் சிரித்தார்கள்.

"மழ பேயும்போது யாரு வாய்க்காலுக்குத் தண்ணி திருப்புவாங்க?"

செகுந்தோ நிமிர்ந்து மலையைப் பார்த்தார்.

"எல்லாரும் மேல ஏறுங்க!" என்று நார்சிசா கத்தினாள். குரல் கீச்சென்று வந்தது. "பைய விடுங்க. கல்லப் போடுங்க. மேல!"

"ஐயோ, பூகம்பம் வந்துருச்சுடா" என்றான் லெனின். இருந்தாலும் ஏறினான். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினார்கள். கடைசிப் பிள்ளையின் முதுகைத் தள்ளிவிட்டபோதுதான் அவளுக்கு மறுகரை நினைவு வந்தது.

யாதிராவும் மாரிபெலும் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய் யாதிரா, ஓடி வா இங்க!" என்று செகுந்தோ கையசைத்தார்.

பெண் ஓடைக்குள் கால் வைத்தாள். அகலமான ஓடை, கால் வழுக்கும் கற்கள்.

"வராத!" என்று நார்சிசா அலறினாள். "அங்கயே மேல ஏறு! அந்தப் பக்கமே ஏறு!"

"எம் பொண்ணு எங்கிட்ட வரட்டும்! நீங்க யாரு தடுக்க?"

"வராத யாதிரா!"

பெண் நடுவில் நின்றுவிட்டாள். அப்பாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். செகுந்தோ கரையிலிருந்து இறங்கப் போனார். நார்சிசா அவர் சட்டையை இரு கைகளாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். சட்டை கிழிந்தது. அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். அப்போது ஈர மண்ணின் நாற்றம் வந்தது. தரை அதிர்ந்தது, இந்த முறை அதிர்வை நம்பலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. செகுந்தோவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது தன் கால் நடுக்கம் அல்ல என்று புரிந்தது.

மாரிபெல் ஓடைக்குள் ஓடி வந்து யாதிராவின் பின்னலைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மறுகரையில் புதர்களைப் பற்றி ஏறத் தொடங்கினார்கள்.

வளைவைத் தாண்டி வந்ததைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. கலவை இயந்திரத்திலிருந்து சரியும் சிமெண்டைப் போன்ற சாம்பல்நிறச் சேறு, அதன் முகத்தில் மரங்களும் வண்டியளவு பாறைகளும் புரண்டு வந்தன. சத்தத்தில் பிள்ளைகளின் அழுகை கேட்கவில்லை. பிள்ளைகள் விட்டுவந்த பைகள் போயின. கீழே நடைபாலம் தீக்குச்சி மாதிரி ஒடிந்தது. மறுகரையின் ஒரு பகுதி கடித்தெடுத்தாற்போல் சரிந்து விழுந்தது. அந்தப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்த புதர்கள் அங்கே இல்லை.

செகுந்தோ மகள் பெயரைச் சொல்லிக் கத்தினார். பதில் இல்லை. பிறகு நார்சிசா பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட வந்திருப்பா. நீதான் வரவிடல. எம் புள்ளைக்கு எதாச்சும் ஆயிருந்தா..." மேலே சொல்ல முடியாமல் தரையில் உட்கார்ந்தார்.

வெள்ளம் எவ்வளவு சீக்கிரம் வந்தது, பெண்ணுக்குக் கடக்க நேரம் இருந்திருக்குமா என்று நார்சிசா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒருமுறை நேரம் இருந்தது போலவும், மறுமுறை இல்லாதது போலவும் வந்தது. லெனின் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுகரைக்குப் போக நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றுதான் மிச்சம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு இருவரும் பால் வண்டியில் கிளம்பினார்கள். வழியெல்லாம் மண் சரிந்திருந்தது. இரண்டு இடத்தில் இறங்கி மண்வெட்டியால் தள்ளவேண்டியிருந்தது. எதிரே வந்தவர்களிடமெல்லாம் செகுந்தோ, "ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள பாத்தீங்களா?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. ஒரு கிழவர், "ஒரு செருப்புதான் பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகு செகுந்தோ மேடு பள்ளம் பார்க்காமல் வண்டியை விரட்டினார்.

பாலம் தாண்டி, மறுகரை மேட்டில் ஒரு மாட்டுத் தொழுவம். அதன் வாசலில் ஒரு பெண்மணி இவர்களைப் பார்த்ததும் உள்ளே பார்த்து ஏதோ சொன்னாள். மாரிபெல் வெளியே எட்டிப் பார்த்தாள், ஒரு காலில் செருப்பில்லை. அவளுக்குப் பின்னால் யாதிரா, தலையெல்லாம் சேறு காய்ந்து, கையில் அவித்த சோளக் கிண்ணத்தோடு.

செகுந்தோ வண்டியை நிறுத்தாமலேயே இறங்கிவிட்டார். நார்சிசா கைப்பிரேக்கை இழுத்தாள்.

யாதிரா அப்பாவைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினாள்.

"அப்பா, நீங்க கூப்பிட்டும் நா வரல. அடிக்காதீங்கப்பா. டீச்சர்தான் அப்பிடிச் சொன்னாங்க, மாரிபெல்தான் சடைய இழுத்தா."

செகுந்தோ மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். கிண்ணம் கவிழ்ந்து சோளம் சிதறியது. அவர் தோள் குலுங்குவதைப் பார்க்கக் கூச்சப்பட்டு, தொழுவத்து வாசலில் நின்ற பெண்மணி உள்ளே போனாள்.

நார்சிசா வண்டியைவிட்டு இறங்கவில்லை. கைப்பிரேக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து செகுந்தோ வந்து சன்னல் பக்கம் நின்றார். கிழிந்த சட்டையைக் கையால் மூடிக்கொண்டார்.

"நா அவளக் கூப்பிட்டேன் டீச்சர்" என்றார். "நடு ஓடைக்கு நாந்தான் அவளக் கூப்பிட்டேன்."

"நானா இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன், தோன் செகுந்தோ. எம் புள்ளையா இருந்திருந்தா."

அவர் கதவைத் திறந்து கை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்தப் பெண்மணி இன்னொரு கிண்ணம் சோளம் கொண்டுவந்து நீட்டினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நார்சிசாவுக்கு உறைத்தது. பெண்கள் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.