கழுதை போன பிறகு டாக்டர் பார்ப்பார்

"ஏங்க, இது கண் ஆஸ்பத்திரிதானே? நாடகக் கொட்டகைக்குள்ள வந்துட்டோமா?"

பஸ் டிரைவரின் மனைவி அப்படிக் கேட்டதில் தப்பில்லை. கூரையெங்கும் காகித மெழுகுவர்த்திகள் தொங்கின. பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகை இருந்த சுவரை ஒரு பெண்ணின் பெரிய படம் மறைத்திருந்தது. அவள் கையில் ஒரு தட்டு. தட்டில் இரண்டு கண்கள்.

"யாருங்க அது, கண்ணத் தட்டுல வச்சு நீட்டுறது?"

"புனித லூசியா. கண்ணுக்கு அவங்கதான் காவல். இன்னிக்கு அவங்க திருநாள்" என்றாள் வரவேற்புப் பெண். வெள்ளை அங்கியும் இடுப்பில் சிவப்புப் பட்டையும் அணிந்திருந்தாள். தலையில் பேட்டரி மெழுகுவர்த்திக் கிரீடம். கழுத்தைத் திருப்பினால் அது சரிந்தது. ஆகவே உடம்போடு சேர்ந்து திரும்பினாள்.

"திருநாள் நல்லா நடக்கட்டும்மா. இவருக்கு இன்னிக்குக் கண் பாக்குறதா நீதானே நேரம் குடுத்த?"

"குடுத்தேன்க்கா. விழா முடிஞ்சப்புறம்தான் நோயாளிங்கன்னு மேடம் சொல்லிட்டாங்க. பின்னாடி வராந்தாவுல உக்காருங்க. ஹால் விருந்தாளிங்களுக்கு."

டிரைவர் வராந்தாவுக்கு நடந்தார். போன மாதப் பரிசோதனையில் பழைய கண்ணாடி அவர் காலை வாரிவிட்டது. புதுக் கண்ணாடி போட்டாயிற்று. பார்வை சரியாக இருக்கிறது என்று டாக்டர் இன்று எழுதித் தர வேண்டும். சாயங்காலம் டிப்போ மூடுவதற்குள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளையிலிருந்து பஸ் ஓட்ட முடியாது, பஸ் கழுவத்தான் போக வேண்டும்.

வராந்தாவில் குளிர் எலும்பைத் துளைத்தது. கேன்டீனில் ரொட்டி கேட்டால் இல்லை என்றார்கள்.

"இத்தாலியில ஒரு பக்கம் இந்த நாள்ல ரொட்டி தொட மாட்டாங்களாம். முழுக் கோதுமைய வேகவச்சுத்தான் சாப்பிடுவாங்களாம். அதான் மேடம் ரொட்டிய நிறுத்திட்டாங்க" என்றார் கேன்டீன்காரர்.

"வெந்த கோதுமையாவது குடுங்க" என்றாள் டிரைவரின் மனைவி.

"அது விருந்தாளிங்களுக்கு."

"நல்ல பக்திய்யா! திங்காம இருக்கிறது எங்களுக்கு, திங்கிறது அவங்களுக்கு."

ஹாலில் மேடம் மைக்கைப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரி அவருடையது. டாக்டர் அவருடைய மருமகன். முன் வரிசை நடுவில் லென்ஸ் கம்பெனி முதலாளி. புது மெஷின் ஒன்று தருவதாக வாய் வார்த்தை சொல்லியிருந்தார். அதை உறுதி செய்துகொள்ளத்தான் இந்த விழா என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும், லூசியாவைத் தவிர.

"சுவீடன்ல பொண்ணுங்க தலையில விளக்கோட வருவாங்க. குரோஷியாவுல தட்டுல கோதுமை விதைப்பாங்க. வடக்கு இத்தாலியில லூசியாம்மா கழுதையோட வந்து பிள்ளைங்களுக்குப் பரிசு வைப்பாங்க. அப்ப யாரும் பாக்கக்கூடாது. பாத்தா கண்ணுல சாம்பலப் போட்டுடுவாங்க! உலகத்துல இருக்கிறது எல்லாத்தையும் நாம ஒரே மேடையில செய்யப்போறோம்."

வராந்தாக் கதவின் இடுக்கு வழியே டிரைவரின் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கழுதை வருது. நிஜக் கழுதை இல்ல, முகமூடி. அந்தச் செருப்பப் பாருங்க, போன மாசம் உங்களப் பாத்த டாக்டரோடது மாதிரியே இல்ல?"

"டாக்டரேதான்" என்றார் டிரைவர். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"போச்சு. கழுதை போன பிறகுதான் டாக்டர் வருவார்."

"இப்ப எல்லாரும் தலையச் சாய்ச்சுக் கண்ண மூடிக்குங்க" என்றார் மேடம். "சாம்பலுக்குப் பதிலா வாசனைத் தண்ணி தெளிப்போம். விளக்க அணைங்க." சொல்லிவிட்டு முன் வரிசையில் அவரும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மாடியிலிருந்து சொட்டக்கா இறங்கி வந்தாள். சொட்டு மருந்து போடும் நர்ஸ். அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள். காலையிலிருந்து மாடியில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம், நோயாளிகள் வராந்தாவுக்குப் போன சேதியை யாரும் சொல்லவில்லை. அவள் கண்டது இருட்டறை, நாற்காலி வரிசை, சாய்ந்த தலைகள், மூடிய கண்கள். வேறென்ன வேண்டும்? அவள் முகத்தைப் பார்க்கும் வழக்கம் இல்லாதவள். இமையை விரலால் தூக்கினாள், சொட்டினாள், அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

"மேல பாருங்க. ம்... மூடிக்குங்க."

"எரியுதே!" என்றார் லென்ஸ் முதலாளி.

"எரியத்தான் செய்யும். தேய்க்காதீங்க."

"வடக்கு இத்தாலியில இப்படித்தானா?" என்று பக்கத்து நாற்காலியிடம் மெல்லக் கேட்டார்.

"ரொம்பத் தத்ரூபமா செய்யறாங்க" என்றது பக்கத்து நாற்காலி.

கழுதை ஓரமாக நின்றது. முகமூடியில் பார்க்க ஓட்டை வைக்க மறந்திருந்தார்கள்.

சொட்டக்கா இரண்டாவது சுற்றும் முடித்தாள். மருந்து நன்றாகப் பிடிக்க அப்படித்தான் போட வேண்டும். வரவேற்புப் பெண் பாட்டை எடுத்தாள். பாட்டு நீளமான பாட்டு. முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள்.

ஹாலே அலறியது.

"அய்யோ, கண்ணு கூசுது!"

"எனக்கு எழுத்தே தெரியல. நான் எழுதி வச்ச பேச்சு எங்க? இது என் பேச்சா, டவலா?"

மேடம் எழுந்து சுவரைப் பிடித்தார். "யாரு... யாரு இத செஞ்சது?"

"நான்தான் மேடம். வழக்கமா போடுறதுதானே? கண்ணுப் பாப்பா நல்லா விரியட்டும்னு ரெண்டு தடவ போட்டேன்."

"விருந்தாளிங்கடி அவங்க!"

"கண்ண மூடி அண்ணாந்து உக்காந்திருந்தா நான் என்னன்னு நினைக்கிறது? சாம்பல் போடுற விஷயம் எனக்குச் சொன்னீங்களா?"

கழுதைத் தலையைக் கழற்றிவிட்டு டாக்டர் ஓடிவந்தார். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. நாலஞ்சு மணி நேரத்துல சரியாயிடும். அதுவரைக்கும் யாரும் வண்டி ஓட்டக்கூடாது."

அங்கேதான் சிக்கல். லென்ஸ் முதலாளி தன் புதுக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தவர். அதைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார். அது நகராமல் ஒரு வண்டியும் வெளியே போக முடியாது. டாக்ஸியில் போகவும் மாட்டாராம். காரை விட்டுவிட்டு ஓர் அடி நகர மாட்டாராம்.

"மாப்பிள்ளை, நீங்க எடுங்களேன்" என்றார் மேடம், தூணைப் பார்த்து.

"எனக்கு ஓட்டத் தெரியாதே அத்தை. தினமும் நீங்கதானே கூட்டிட்டு வர்றீங்க."

"இங்க வேற யாருக்காவது கார் ஓட்டத் தெரியுமா?"

வராந்தாக் கதவு திறந்தது. "என் வீட்டுக்காரருக்குப் பஸ்ஸே ஓட்டத் தெரியும்" என்றாள் டிரைவரின் மனைவி.

"அப்பாடா! வாங்க தம்பி, சாவிய வாங்கிக்குங்க."

டிரைவர் கையை நீட்டவில்லை. "என் கண்ணு சரியா இருக்குன்னு நீங்க இன்னும் சொல்லலையேம்மா. சொல்லாம நான் எப்படி வண்டியத் தொடறது?"

"மாப்பிள்ளை, ஒரு கையெழுத்தப் போட்டு அனுப்புங்க!"

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"சும்மா போடாதீங்க டாக்டர். பாத்துப் போடுங்க. நாளைக்கு இவர நம்பி ஒரு பஸ் சனம் பின்னால உக்காரும்" என்றாள் மனைவி. டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். போன மாதம் கடைசி வரிசையில் தடுமாறியது அவருக்கு மறக்கவில்லை. இருந்தாலும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

எழுத்துப் பலகைக்காக லூசியாவைச் சுவரிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. அவளைத் தரையில் சாத்தி வைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பார்த்தார்கள். டிரைவர் நிதானமாக வாசித்தார். கடைசி வரிசை வந்ததும் நின்றார். மனைவி புடவைத் தலைப்பைக் கடித்தாள். பின்புறம் லென்ஸ் முதலாளி, "இன்னுமா?" என்றார்.

"பேசாம இருங்க சார். உங்களுக்கு மேல் வரிசையே தெரியாது இப்ப" என்றாள் சொட்டக்கா.

டிரைவர் கடைசி வரிசையையும் வாசித்தார். டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனைவி அதை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அதன் பிறகுதான் டிரைவர் சாவியை வாங்கினார்.

முதலாளியைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். கண்ணுக்குக் கறுப்புக் காகிதக் கண்ணாடி, மடியில் ஒரு கிண்ணம் வெந்த கோதுமை. மனைவி முன்னால் ஏறிக்கொண்டாள். கார் முதலில் போனது டிப்போவுக்கு.

டிப்போ அதிகாரி காகிதத்தைப் படித்தார், முத்திரை குத்தினார். பிறகு ஜன்னல் வழியே காரை எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா பின்னால?"

"பயணிதான் சார்" என்றார் டிரைவர். "டிக்கெட் எடுக்கல."