மலைக்குப் போன வயிறு

பிலிப்பு தன் வயிற்றுக்குள் வந்த கட்டியை ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டார். மச்சானைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மச்சான் மார்ட்டின், மனைவி மார்கரெட்டின் அண்ணன். திருக்கோவிலூர்ப் பக்கம் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற அன்று உண்மையில் ஓய்வு கிடைத்தது பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இப்போது பங்குத் திருவிழாப் பட்டிமன்றங்களுக்கு அவர்தான் நிரந்தர நடுவர். பெயருக்கு முன்னால் ‘சொற்கொண்டல்’ என்று ஒரு பட்டம் உண்டு. அதை வழங்கிய இலக்கிய மன்றத்தின் தலைவரும் அவரே, செயலாளரும் அவரே. அந்த ஆண்டு பட்டத்துக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

பாண்டிச்சேரியில் டாக்டர் ஜெயசுதாவைப் பார்க்கப் போன அன்றும் உள்ளே பிலிப்புடன் மார்ட்டின்தான் போனார். மார்கரெட் வெளியே ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். மகன் ராபினும் மகள் நான்சியும் கதவோரம் நின்று காதை மட்டும் உள்ளே அனுப்பினார்கள்.

“கேன்சர் இரைப்பையைத் தாண்டி கல்லீரல் வரைக்கும் போயிருக்குங்க. ஆபரேஷன் பண்ற கட்டம் இல்ல, மருந்துதான்” என்றார் டாக்டர். “கீமோதெரபின்னு ஒண்ணு இருக்கு. அது கேன்சர் செல்லை நேரா அடிக்கும், பக்கத்துல இருக்கிற நல்ல செல்லுக்கும் ரெண்டு அடி விழும். இம்யூனோதெரபி வேற மாதிரி. நம்ம எதிர்ப்பு சக்திக்கு கேன்சர் போட்டு வெச்சிருக்கிற பிரேக்கை எடுத்துவிடும். அப்புறம் உடம்பே அடிக்கும். எல்லாருக்கும் கேக்காது. கேக்கிறவங்களுக்கு ரொம்ப நாள் கேக்கும்.”

“எனக்கு எதுங்க?”

“அதை உங்க கட்டியைத்தான் கேக்கணும். கள்ளக்குறிச்சியில எண்டோஸ்கோபி பண்ணப்ப எடுத்த சதையை மெழுகுல பதிச்சு, சின்னதா ஒரு கட்டை கொடுத்திருப்பாங்க. பிளாக்னு சொல்லுவாங்க. அதை உடனே சென்னை லேபுக்கு அனுப்பிடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க.”

பிலிப்பு ஒரு கேள்வி கேட்க வாயைத் திறந்தார். சில வாரங்களாகவே அவர் நெஞ்சுக்குழியில் நின்ற கேள்வி அது. அதற்குள் மார்ட்டின் எழுந்து, தோள் துண்டைச் சரிசெய்து, “ஆவன செய்யப்படும்” என்று கும்பிட்டுவிட்டார். மச்சான் கும்பிட்டுவிட்டால் கூட்டம் முடிந்ததென்று அர்த்தம்.

பாண்டிச்சேரியில் காரில் ஏறும்போது ஒரே குடும்பமாக இருந்தவர்கள், உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க இறங்கும்போது இரண்டு அணியாக இருந்தார்கள். செல்போன் கடை வைத்திருக்கும் ராபின் கீமோ. சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நான்சி இம்யூனோ. ரிசல்ட் வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதைப் பிலிப்பு நினைவுபடுத்தினார். “நீங்க டீயைக் குடிங்கப்பா, ஆறிடப் போவுது” என்று இரண்டு அணியும் முதன்முறையாக ஒற்றுமையாகச் சொன்னது.

இப்படிப்பட்ட சிக்கலுக்கு மார்ட்டினிடம் ஒரே மருந்துதான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கள்ளக்குறிச்சியில் பிலிப்பின் வீட்டு ஹாலில் பட்டிமன்றம் என்று அறிவித்தார். தலைப்பு: ‘முற்றிய வயிற்றுப் புற்றை முறியடிக்கப் பெரிதும் துணை நிற்பது கீமோவா? இம்யூனோவா?’ வாசலில் பிலிப்பின் படம் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கவும் நினைத்தார். “வாணாண்ணே, பாக்கறவங்க மாலையத் தூக்கிக்கினு வந்துடுவாங்க” என்று மார்கரெட் தடுத்தாள்.

ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. நடுவர் மேசையில் ஒரு சொம்புத் தண்ணீரும் தலையில் தட்டினால் ‘டிங்’ என்னும் மணியும் வைக்கப்பட்டன. பிலிப்புக்கு முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் இருக்கை. போன திருவிழாவில் தனக்குப் போட்ட சால்வையை மார்ட்டின் அவருக்குப் போர்த்தினார். கூட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். பக்கத்து வீட்டுக் கரும்பு விவசாயி கண்ணாயிரம், வாசலில் நிறையச் செருப்புகளைப் பார்த்துப் பதறி ஓடி வந்தார். உள்ளே பிலிப்பு உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் நிம்மதியாகித் தானும் ஒரு நாற்காலியைப் பிடித்தார்.

நான்சி தொடங்கினாள். “நம்ம உடம்புக்குள்ள போலீஸ் இருக்குது. கேன்சர் இன்னா பண்ணுது? கார்ல கட்சிக் கொடி கட்டிக்கினு போவுது. போலீஸ் சல்யூட் அடிச்சு வுட்டுடுது. இம்யூனோ வந்து அந்தக் கொடியைக் கழட்டிடும். அப்புறம் புடிச்சி உள்ள போட வேண்டியதுதான்!”

கண்ணாயிரம் கைதட்டினார்.

“கொடியைக் கழட்டினா ஒடனே புடிச்சிடுவாங்களா?” என்று ராபின் எழுந்தான். “அவங்க யோசிச்சி, மேலிடத்தைக் கேட்டு, வண்டிய எடுக்கறதுக்குள்ள கட்டி ஊரைத் தாண்டிடும். கீமோ நம்ம ஹைவேஸ் லாரி மாதிரி. வந்துச்சா, அடிச்சிதா, போயிக்கினே இருக்கும்!”

“ரோட்டோரம் நிக்கிற நல்லவனையும் சேத்து அடிக்குமே! வாந்தி, வாய்ப்புண்ணு, கை கால் மரத்துப் போறது, முடி கொட்டறது…”

“கொட்டறதுக்கு அப்பாகிட்ட முடி எங்கடி இருக்குது?”

கண்ணாயிரம் இதற்கும் கைதட்டினார். பிலிப்பு தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வாதம் சரிதான்.

“உன் போலீஸ் மட்டும் யோக்கியமா?” என்று ராபின் விடாமல் பிடித்தான். “பிரேக்கைப் புடுங்கி வுட்டா தைராய்டு, கொடலு, நுரையீரல்னு சம்பந்தமில்லாத வூட்டுலல்லாம் பூந்து அடிக்குமாம். நானும் படிச்சேன். அதுவும் யாருக்கு வேலை செய்யும்?”

“வேலை செய்யறவங்களுக்கு வேலை செய்யும்!”

“ஆகா! இன்னா ஒரு பதிலு!”

“டாக்டரம்மா ரெண்டும் சேத்துக்கூடத் தருவாங்க போலருக்கு. அந்தக் கட்டைய வெச்சித்தான்…” என்று பிலிப்பு மெல்ல ஆரம்பித்தார். “அது இல்லாம எனக்கு ஒண்ணு கேக்கணும்…”

டிங்.

“மாப்ள, அவையின் மரபு என்று ஒன்று இருக்கிறது” என்றார் மார்ட்டின். “சிறப்பு விருந்தினர் ஏற்புரையில் பேசலாம்.”

பிறகு தீர்ப்புக்கு எழுந்தார். கண்ணை மூடினார். “வாளுக்குக் கூர்மை அழகு, வாய்மைக்கு நேர்மை அழகு…” என்று தொடங்கி, வாளிலிருந்து வயிற்றுக்கு அவர் வந்து சேர்வதற்குள் நான்சியின் போன் அடித்தது. டாக்டர் ஜெயசுதா. நான்சி ஸ்பீக்கரில் போட்டாள்.

“லேப்ல இருந்து கூப்பிட்டாங்க. உங்க பிளாக் இன்னும் வரலையாம். அனுப்பிட்டீங்கல்ல?”

ராபின் நான்சியைப் பார்த்தான். நான்சி மார்ட்டினைப் பார்த்தாள். மார்ட்டின் சொம்பைப் பார்த்தார்.

“இன்னும் அனுப்பலைங்க” என்றாள் நான்சி.

“தொலைஞ்சிடப் போகுதுங்க, பத்திரம். அது இல்லேன்னா மறுபடியும் எண்டோஸ்கோபி பண்ணி சதை எடுக்கணும். வைத்தியம் தள்ளிப் போயிடும். உங்களுக்குத் தள்ளிப்போட நாள் இல்ல” என்று சொல்லி டாக்டர் போனை வைத்தார்.

பிலிப்பு வாயை இறுக மூடிக்கொண்டார். போன முறை எண்டோஸ்கோபிக் குழாய் தொண்டையில் இறங்கிய அன்று, இனிமேல் யாராவது வாயைத் திறக்கச் சொன்னால் கடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். இப்போது குழாயோடு நாளும் சேர்ந்து பயமுறுத்தியது.

“மச்சான், ஆவன செய்யப்படும்னு சொன்னியே?”

“செய்யப்படும் என்றேன். யாரால் என்று சொல்லவில்லையே” என்றார் சொற்கொண்டல்.

அப்போதுதான் மார்கரெட் காப்பித் தட்டோடு வந்தாள். “இன்னா, ஆரும் பேச மாட்டேங்கிறீங்க? தீர்ப்பு வந்துடிச்சா?”

“அம்மா, ஆஸ்பத்திரியில ஒரு மெழுகுக் கட்டை குடுத்தாங்கல்ல, அது எங்க?” என்று கேட்டான் ராபின்.

“அதா? பத்திரமா வெச்சிக்குங்கன்னு நர்ஸ் பொண்ணு சொல்லிச்சி. மாதாகிட்டயே வெச்சிட்டேன்.”

மார்கரெட்டின் கணக்கில் பிழை கிடையாது. கால் வலித்தால் மாதாவுக்கு வெள்ளித் தகட்டில் கால் செய்து வைப்பார்கள், கண் சரியில்லை என்றால் கண். குழந்தை வேண்டுமென்றால் தொட்டில். கடையில் வயிறு கேட்டாள், இல்லை. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், நல்ல மெழுகில் வயிறே இருந்தது. அதுவும் தகட்டில் அடித்த வயிறு இல்லை, பிலிப்பின் சொந்த வயிறு. இதைவிட உண்மையான காணிக்கை உலகத்தில் யார் கொடுத்திருப்பார்கள்? கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகும் வழியில் குகை போலக் கட்டியிருக்கும் மாதா கெபியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பாண்டிச்சேரிக்குப் போவதற்கு முன்பே.

“பஸ்ஸுல தனியாவா போனே?” என்றார் பிலிப்பு.

“அண்ணன்தான் கார்ல இட்டுக்கினு போச்சி. ஜெபம்கூட அதான் சொல்லிச்சி.”

எல்லோரும் மார்ட்டினைப் பார்த்தார்கள்.

“மெழுகுத்திரித் துண்டு என்று நினைத்தேன்” என்றார் அவர். அதுவரை அவர் பேசியதிலேயே மிகச் சிறிய உரை அதுதான்.

உடனே கிளம்பிய கார் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை இடப்பக்கம் விட்டு மலையேறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிலிப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருக்கும் பாகத்தைப் பிடித்துக்கொள்ளலாம்; மேலே போன பாகம்தான் என்ன ஆனதோ. கெபியில் வைக்கும் மெழுகையெல்லாம் உருக்கித் திருவிழாவுக்குத் திரி ஊற்றிவிடுவார்கள் என்று மார்கரெட் பாதி மலையில் நினைவு வந்து சொன்னாள். அதன்பிறகு கீமோவும் இம்யூனோவும் சேர்ந்து காரை விரட்டச் சொன்னார்கள்.

கெபியில் ஒரு மெழுகுவர்த்திகூட எரியவில்லை. வாசலில், கெபியைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பிச்சைமுத்து சிலுவையைக் கையில் பிடித்தபடி காவல் நின்றார். கெபிக்குப் பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பொண்ணு விளக்குமாற்றோடு நின்றாள்.

“கிட்ட வராதீங்க!” என்றார் உபதேசியார். “மாதா காலடியில எவனோ செய்வினை வெச்சிட்டுப் போய்ட்டான். மெழுகு உருக்கலாம்னு எடுத்துப் பாத்தா உள்ள கறி! அடியில நம்பர் வேற போட்டிருக்குது! இன்னிக்கி ஜெபத்துக்கு ஒரு குஞ்சுகூட வரல.”

“உருக்கிட்டீங்களா?” ராபின் குரல் உடைந்தது.

“நல்லா இருக்குதே கதை! உருக்கினா அதுக்குள்ள இருக்கிறது வெளிய வந்துடாது? பானையில போட்டு, தீர்த்தம் தெளிச்சி, அந்தா, பலாமர நெழல்ல வெச்சிருக்கேன். பங்குச் சாமியார் வந்துதான் தொடணும்.”

மரத்தடியில், மூடியில் சுண்ணாம்பால் சிலுவை போட்ட மண்பானை ஒன்று இருந்தது. பிலிப்புக்கு அதுவரை வராத மூச்சு வந்தது.

“அதை வெச்சவன் லேசுப்பட்ட ஆளு இல்லீங்க” என்று உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். “பெரிய மந்திரவாதி. தோள்ல துண்டு போட்டுக்கினு, ரெண்டு கையையும் தூக்கிக்கினு, கண்ணை மூடிக்கினு, ஒரு எழவும் புரியாத பாஷையில ஓதினானாம். சின்னப்பொண்ணு பாத்திருக்குது.”

மார்ட்டின் தோள் துண்டை மெல்ல இறக்கிக் கக்கத்தில் வைத்தார். சின்னப்பொண்ணு அதைப் பார்த்துவிட்டாள்.

“இவன்தான்! உபதேசியாரே, இவனேதான்!” விளக்குமாறு உயர்ந்தது.

“அம்மையே, சற்றுப் பொறுத்தருள்க…”

“பாத்தியா, மறுபடியும் ஓதறான்!”

“அது செந்தமிழ்ம்மா!” என்று மார்ட்டின் காருக்குப் பின்னால் இருந்து கத்தினார்.

சின்னப்பொண்ணு காரைச் சுற்றினாள். மார்ட்டினும் காரைச் சுற்றினார். ராபினும் நான்சியும் யாரைப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றார்கள். இந்தச் சந்தடியில் பிலிப்பு மெதுவாக நடந்து மரத்தடிக்குப் போய், பானையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நின்று பேச அவரிடம் தெம்பு இல்லை.

“உபதேசியாரே, இது செய்வினை இல்லீங்க. என் வயிறு. வயித்துல கேன்சர். ஆஸ்பத்திரியில கொஞ்சம் கிள்ளி எடுத்து மெழுகுல வெச்சாங்க. இதை டெஸ்ட் பண்ணாத்தான் இன்னா மருந்துன்னே தெரியும். குடுத்துடுங்க.”

சின்னப்பொண்ணு விளக்குமாற்றை இறக்கினாள். அவருடைய தொளதொளத்த சட்டையையும் உள்ளே இல்லாத உடம்பையும் பார்த்தாள். “அப்ப அந்த ஆளு?”

“என் சம்சாரத்தோட அண்ணன்.”

“ஐயோ பாவம்” என்றாள். கேன்சருக்குச் சொன்னாளா, மச்சானுக்குச் சொன்னாளா என்று பிலிப்பு கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டுக்குமே பொருத்தமாக இருந்தது.

பானை திறக்கப்பட்டது. கட்டை நலமாக இருந்தது. மார்கரெட் கெபி முன்னால் மண்டியிட்டு, “குடுத்ததைத் திருப்பி எடுக்கறேன்னு கோச்சிக்காத தாயே, டெஸ்ட் ஆனதும் கொண்டாந்து குடுத்துடறேன்” என்றாள். அதுவரைக்கும் ஈடாக, காரில் கிடந்த அண்ணனின் சால்வையைக் கொண்டுவந்து மாதா காலடியில் வைத்தாள். மார்ட்டின் தடுக்கக் கையை நீட்டி, மடக்கிக்கொண்டார். விளக்குமாறு இன்னும் பக்கத்தில்தான் இருந்தது.

மறுநாளே ராபின் கட்டையைத் தன் கையாலேயே சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். ரிசல்ட் வந்ததும் டாக்டர் ஜெயசுதா எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்.

“இம்யூனோ கேக்கறதுக்கான அடையாளம் உங்க கட்டியில நல்லாவே இருக்கு. ஆனா அது மட்டும் போதும்னு விடற வகை இல்ல. கீமோ சீக்கிரம் சுருக்கப் பார்க்கும், இம்யூனோ பிடிச்சு நிறுத்தப் பார்க்கும். ரெண்டும் சேர்த்தே ஆரம்பிக்கலாம்.”

ராபின், தான் ஜெயித்ததுபோல நான்சியைப் பார்த்தான். நான்சியும் அப்படியே அவனைப் பார்த்தாள். மார்ட்டின் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். “அன்றைய அவையில் நான் வழங்கவிருந்த தீர்ப்பும் அதுவேதான். வாளுக்குக் கூர்மை…”

டிங்.

மணி பிலிப்பின் மடியில் இருந்தது. பட்டிமன்றம் கலைந்த அன்றே மஞ்சள் பையில் எடுத்துப் போட்டுவைத்திருந்தார்.

“ஏற்புரை” என்றார் பிலிப்பு. “டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். இதெல்லாம் பண்ணா எனக்குச் சோறு எறங்குமா? ரொம்ப நாளாக் கஞ்சிங்க. ரெண்டு வாய் கறிக்கொழம்புச் சோறு, அவ்ளோதான்.”

இரண்டு அணியும் படித்த அத்தனையிலும் இந்தக் கேள்வி எங்கேயும் இல்லை. மார்கரெட் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“முழுசாக் குணமாயிடும்னு நான் சொல்லலைங்க” என்றார் டாக்டர்.

“நானும் அதைக் கேக்கலைங்க.”

“கட்டி சுருங்கினா எறங்கும். வாய்ப்பு இருக்கு. மொதல்ல கொஞ்ச நாள் வாந்தி இருக்கும், தாங்கிக்கணும். அப்புறம் கொழம்புல காரம் கம்மியாப் போடச் சொல்லுங்க.”

“அது போதும்.” பிலிப்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “மச்சான், கார்ல கஞ்சி பிளாஸ்க் இருக்குது. இப்போதைக்கு அதைக் கொஞ்சம் எடுத்தாரியா?”

“ஆவன…” என்று தொடங்கிய மார்ட்டின், பிலிப்பின் விரல் மணிக்கு மேலே நிற்பதைப் பார்த்தார்.

“தோ, எடுத்தாரேன் மாப்ள” என்று எழுந்து போனார்.