சுத்தமான ரிப்போர்ட்

பெர்சிஸ் செய்தது ஒரே ஒரு தப்புதான். ஆனால் அதை மாதம் தவறாமல் செய்தாள்.

ராயபுரத்தில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதற்கு நர்ஸ் அவள். சொல்லாமல் கொள்ளாமல் வார்டுக்குள் போய், கட்டில் கம்பி, வாஷ்பேசின் எல்லாவற்றையும் பஞ்சுக்குச்சியால் துடைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். முதல் மாதம் அப்படித்தான் போனாள். பெண்கள் வார்டு வாஷ்பேசினில் கிருமி அகப்பட்டது. துப்புரவு கான்ட்ராக்டர் மறுநாளே அந்த வார்டைத் துடைக்கும் பூமாரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். குழாய் அரதப்பழசு, பூமாரி என்ன செய்வாள், பாவம்?

பெர்சிஸுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து, போவதற்கு முதல் நாளே இன்னொரு துப்புரவுக்காரியான சிவந்திக்கு ஒரு போன். "நாளைக்கு வரேன்க்கா." சிவந்தி பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்துவிடுவாள். அடுத்து வந்த ஐந்து மாதமும் ரிப்போர்ட் சுத்தம். ஆராய்ச்சியை நடத்திய பெரிய டாக்டர் பூரித்துப்போய், வாஷ்பேசினை மாற்றும் வேலையையே நிறுத்திவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அப்போதுதான் காசிமேட்டில் மீன் விற்கும் குணசுந்தரி, கால் எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து அந்த வார்டுக்கு வந்தாள். நாலாம் நாள் புண்ணில் சீழ் வைத்தது. இரண்டு மருந்து மாற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. லேப் ரிப்போர்ட்டைப் பெர்சிஸ் இரண்டு தடவை படித்தாள். வாஷ்பேசினில் கிடைத்த அதே கிருமி.

"வார்டு சுத்தமா இருக்கு. வெளியாளுங்க யாரோதான் கொண்டுவந்திருக்கணும்," என்றார் பெரிய டாக்டர், அவள் கொடுத்த ரிப்போர்ட்டுகளைப் புரட்டியபடி.

அது பக்கத்தில் நின்ற குணசுந்தரியின் புருஷன் சுப்புராயன் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவர் வார்டு வாசலைத் தாண்டவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே. அக்கா உங்களத்தான் கேக்குறாங்க," என்றாள் பெர்சிஸ்.

"வேணாம் சிஸ்டர். மொத நாளு போட்லருந்து எறங்கி நேரா வந்து அவ கால புட்சிகினு அழுதேன். மீனு கை. நான்தான் இத்த அவளுக்கு குட்த்துட்டேன். இப்போ காலையே எடுக்கணும்னு பேசிக்கிறாங்கோ."

'அப்படியெல்லாம் இல்லண்ணே' என்று இரண்டு நாளாக மழுப்பிவிட்டு நகர்ந்தவள்தான் பெர்சிஸ். சொன்னால் வேலை போகும். சிவந்தியின் வேலையும் போகும். சொல்லாவிட்டால், நாளைக்கு மூன்று பேர் புதிதாக அதே வார்டுக்கு வருகிறார்கள். செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டு நிற்கும் மனிதரைப் பார்க்கப் பார்க்க, அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"உங்க கை இல்லண்ணே. கிருமி அந்த வாஷ்பேசின்ல முன்னாடியே இருந்துது. நான் சொல்லிவச்சிட்டுப் போய் டெஸ்ட் எடுத்தேன். அதான் யாருக்கும் தெரியாமப் போச்சு. தப்பு என்னுது. டாக்டர்கிட்டயும் சொல்லப் போறேன்."

அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். சுப்புராயன் மெல்லக் கைகளை முன்னால் கொண்டுவந்தார்.

"அப்டின்னா நான் அவள தொடலாமா?"

"தொடலாம்ணே. ஆனா..." பெர்சிஸ் மேஜைமேல் இருந்த கையுறைப் பெட்டியை எடுத்தாள். "இப்ப அக்காவ யார் தொட்டாலும் கையுறை போட்டுக்கினுதான் தொடணும்."

சுப்புராயன் மாட்டிவிடச் சொல்லி இரண்டு கையையும் அவளிடமே நீட்டினார்.